நாற்பத்தெட்டில் யாரும் இல்லை

கார்டைத் தொட்டால் சுடுகிறது. திரையில் முப்பத்தாறு டிகிரி என்று வருகிறது. கார்டின் மேல் இருக்கும் ஃபேன் அந்த முப்பத்தாறை நம்பிக்கொண்டு, நமக்கென்ன வந்தது என்று சுற்றாமல் உட்கார்ந்திருக்கிறது. என் விரல் பொய் சொல்லவில்லை, நுனி சிவந்திருந்தது. அப்படியானால் வேறு யாரோ பொய் சொல்கிறார்கள். யார் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கம்ப்யூட்டருக்குள் படம் காட்டுகிற வேலையைச் செய்யும் கிராஃபிக்ஸ் கார்டுகளைத் தயாரிப்பது எங்கள் கம்பெனி. ஒவ்வொரு கார்டிலும் பெரிய சிப்பு ஒன்று நடுநாயகமாக இருக்கும். அதைச் சுற்றி, சூடு பார்க்க, ஃபேன் ஓட்ட, விளக்கு எரியவைக்க என்று சில்லறைச் சிப்புகள். எல்லாம் பேசிக்கொள்வது இரண்டே கம்பிகளில். ஒரு கம்பி தாளம் போடும், இன்னொரு கம்பி பேசும். இந்த ஜோடிக்கு எங்கள் தொழிலில் பஸ் என்று பெயர். ஒவ்வொரு சில்லறைச் சிப்புக்கும் வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த எண்ணுக்கு உரியவன் மட்டும் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. யாரை எந்த நேரத்தில் கூப்பிடுவது, என்ன கேட்பது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் எழுதுவதுதான் டிரைவர். நான் அதை எழுதுகிறவள். "டிரைவருங்கறீங்க, பஸ்ஸுங்கறீங்க, ஆனா ரெண்டு பேரும் ஆபீசுக்கு நடந்தே போறீங்க" என்பார் என் மாமியார்.

இரண்டு பேரும் என்று அவர் சொன்னது என்னையும் என் வீட்டுக்காரரையும். அவரும் அதே கம்பெனிதான், போர்டு வரைகிறவர். எந்தச் சிப்பு எங்கே உட்கார வேண்டும், எந்தக் கம்பி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அவர் பாடு. அவர் உட்காரவைத்ததையெல்லாம் பேசவைப்பது என் பாடு. ஆபீசில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் நான் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன். 'நீங்க' என்று வாயில் வருவது இரண்டு சமயங்களில். ஒன்று, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது. இன்னொன்று, கோபம் தலைக்கேறும்போது. அவருக்கும் இதே பழக்கம் தொற்றிக்கொண்டது. மாமியார் எங்களோடு இருப்பதால், வீட்டில் யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது அந்த அம்மாவுக்குப் பல நாள் பிடிபடுவதே இல்லை.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் எப்போ சார். எதைச் சொன்னாலும் அவருக்கு வருவது அந்த ஒரு கேள்விதான்.

"சார், கார்டு தப்பான சூடு காட்டுது" என்றேன்.

"எப்போ சரியாகும்?"

"தப்பு போர்டுலயா டிரைவர்லயான்னு முதல்ல பாக்கணும் சார்."

"அதை எப்போ பாப்பீங்க?"

நான் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எப்போ சார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "திங்கக்கிழமை காலைல கார்டு என் டேபிள்ல ஓடணும். தப்பு யாரோடதுன்னும் அப்பவே தெரிஞ்சாகணும். யாரோடதோ, அவங்க கீழ போகட்டும்."

கீழே என்றால் தரைத்தளம். விற்ற பிறகு கெட்டுப்போய்த் திரும்பி வருகிற கார்டுகளைப் பிரித்து மேய்கிற இடம். ஜன்னல் கிடையாது, எந்நேரமும் கருகிய பிளாஸ்டிக் வாடை. இதற்கு முந்தைய போர்டு ஒன்று புகைந்துபோனபோது என் வீட்டுக்காரரை அங்கேதான் அனுப்பினார்கள். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தலைகீழாக நின்றுதான் மறுபடி மேலே வந்தார். இன்னொரு தடவை போனால் அவரை யாரும் திரும்பக் கூப்பிடப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எப்போ சார் சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரரின் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

இந்தக் கார்டின் ஆரம்பத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிவிட வேண்டும். சூடு பார்க்கும் சென்சார்கள் இதில் இரண்டு. பெரிய சிப்பை ஒட்டி இருப்பவனை நான் பெரியவன் என்பேன். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஓரத்தில் இருப்பவன் சின்னவன். இரண்டும் ஒரே ரகம் என்பதால் தயாராகி வரும்போதே இரண்டுக்கும் ஒரே எண், நாற்பத்தெட்டு. ஒரே கதவு எண்ணில் இரண்டு குடித்தனம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? யாராவது ஒருவன் நாற்பத்தொன்பதுக்குக் குடிபோயாக வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. போர்டில் சின்னவனின் காலுக்கு அடியில் ரெசிஸ்டர் என்கிற குட்டித் துண்டு ஒன்றை வைத்துவிட்டால் அவன் கண் திறக்கும்போதே நாற்பத்தொன்பது. அது என் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது. இல்லாவிட்டால், கார்டு எழுந்ததும் டிரைவர் சின்னவனைக் கொஞ்ச நேரம் தூங்கவைத்து, விழித்திருக்கும் பெரியவனிடம் 'நீ நாற்பத்தொன்பதுக்குப் போ' என்று சொல்லி, அவன் போன பிறகு சின்னவனை எழுப்பிவிடலாம். அது நான் செய்ய வேண்டியது.

"கடுகத்தனை ரெசிஸ்டர். அத வெக்கறதுக்கு உனக்கு என்ன கஷ்டம்?" என்றேன் நான்.

"வரைஞ்சு முடிச்சத மறுபடி பிரிக்கணும். நீ நாலு வரி எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?" என்றார் அவர்.

ஆபீசில் தொடங்கிய சண்டை எங்களோடு நடந்தே வீட்டுக்கு வந்தது. 'நீ' போய் 'நீங்க' வந்தது. தட்டு வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. மாமியார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்துப் போங்களேன்" என்றார். எதைப் பற்றிய சண்டை என்று தெரியாமலேயே சொல்லக்கூடிய அறிவுரை அது ஒன்றுதான்.

சில நாளில் சண்டை தானாக ஓய்ந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓய்ந்ததற்குக் காரணம் நான்தான். ஒரு மத்தியானம் அந்த வரிகளை எழுதி டிரைவரில் சேர்த்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் தோற்றதாக ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை மனசுக்குள் அவ்வப்போது எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது கார்டு கையில் வந்திருக்கிறது. என் கணக்குப்படி பெரியவன் நாற்பத்தொன்பதில் இருக்க வேண்டும், சின்னவன் நாற்பத்தெட்டில். நாற்பத்தெட்டைக் கூப்பிட்டேன். மூச்சுப் பேச்சில்லை. நாற்பத்தொன்பதைக் கூப்பிட்டேன். பதில் வந்தது, ஆனால் உளறல். தொட்டால் சுடுகிற கார்டுக்கு முப்பத்தாறு. கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், தாளத்தை மெதுவாக்கிப் பார்த்தேன். கடைசியில் கார்டின் மேல் வாயால் ஊதியும் பார்த்தேன். இத்தனை வருஷம் படித்துவிட்டு வாயால் ஊதுகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"நாப்பத்தெட்டுல யாருமே இல்ல" என்று அவரிடம் போய் நின்றேன்.

"இருக்கே. காலைலகூட கேட்டுப் பாத்தேன். நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது ரெண்டும் பதில் சொல்லுது. சூடும் சரியா சொல்லுது."

"என் மெஷின்ல சொல்லலையே."

"அப்போ உன் மெஷினக் கேளு."

அவர் மேசையில் ஓடுவதும் என் டிரைவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் தன் சொந்தச் சோதனை நிரலை ஓட்டியிருக்கிறார். எதை வைத்துக் கேட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 'உன் மெஷினக் கேளு' என்ற அந்தத் தொனியில் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"உங்க போர்டுல ஈயம் ஒழுங்கா ஒட்டல. சின்னவன் செத்துக் கெடக்கறான்" என்றேன்.

"உங்க டிரைவருக்குப் பொறுமை இல்ல. எழுதினவங்க மாதிரியே" என்றார்.

இரண்டு பக்கமும் 'நீங்க' வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலும் இதே பேச்சு. அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தார், நான் இந்தப் பக்கம் நடந்தேன். நாங்கள் இருவரும் கதவைத் திறந்தபோதும் நான் "நாப்பத்தெட்டுல யாரும் இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "காலியா இருக்கா? வாடகை எவ்வளவு சொல்றாங்க?" என்றார். நாங்கள் ஆளுக்கொரு அறைக்குள் போய்விட்டோம்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். தப்பு போர்டில்தான் என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது நிஜமாகவே நிரூபணமாகிவிட்டால் அவர் கீழே போவார். ஜெயிக்கவும் வேண்டும், ஜெயித்துவிடவும் கூடாது. இப்படி ஒரு குழப்பத்தோடு எதையாவது உருப்படியாகத் தேட முடியுமா?

சனிக்கிழமை விடுமுறை. மத்தியானம் தனியாக ஆபீசுக்குப் போனேன். அவர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

சோதனை அறையில் கார்டைச் செருகி, அதற்கு மூச்சுத் திணறுகிற அளவுக்குப் படங்களைச் சுழலவிட்டேன். அதிகமாகச் சூடாகாமல் இருக்க ஃபேனை நானே தனிக் கட்டளை கொடுத்து லேசாக ஓட்டிவைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தாறு. பிறகு முப்பத்திரண்டு. சூடு ஏற ஏற எண் இறங்குகிறது. இது என்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பூஜ்ஜியம். ஐஸ்கட்டியின் சூடு. பக்கத்தில் கை வைக்க முடியவில்லை, அனல் அடிக்கிறது, திரையில் பூஜ்ஜியம். நான் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டுவதற்குள் அறுபத்து நான்கு என்று வந்தது. ஒரே தாவல்.

அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பூஜ்ஜியத்திலிருந்து அறுபத்து நான்குக்கு எந்தச் சென்சாரும் தாவாது. காகிதத்தை எடுத்து, அறுபத்து நான்கைச் சிப்புகள் பேசுகிற மாதிரி ஒன்றும் பூஜ்ஜியமுமாக எழுதினேன். ஒரு ஒன்று, பின்னால் ஆறு பூஜ்ஜியம். அதற்கு முந்தைய எண் அறுபத்து மூன்று. ஒரு பூஜ்ஜியம், பின்னால் ஆறு ஒன்று. ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அங்கே ஒன்று இருந்தால் இங்கே பூஜ்ஜியம், இங்கே ஒன்று இருந்தால் அங்கே பூஜ்ஜியம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேசுகிற கம்பி சும்மா இருந்தால் மேலே நிற்கும், அதுதான் ஒன்று. பூஜ்ஜியம் சொல்ல வேண்டியவன் அதைக் கீழே இழுப்பான். துணி காயப்போடுகிற கொடியை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் ஒருவர் இழுத்தாலும் கொடி கீழே வந்துவிடும். இழுக்காமல் விட்டவர் விட்டது யாருக்கும் தெரியாது. ஒருவன் அறுபத்து நான்கு என்று சொல்லும்போது இன்னொருவன் அதே கம்பியில் அறுபத்து மூன்று என்று சொன்னால், எல்லா இடத்திலும் யாராவது ஒருவன் இழுத்திருப்பான். வெளியே கேட்பது வெறும் பூஜ்ஜியம். இரண்டு பேரும் அறுபத்து நான்குக்கு வந்துவிட்டால், அப்போதுதான் உண்மை வெளியே வரும்.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

சூடான காற்று ஊதுகிற கருவியை எடுத்துச் சின்னவன் மேல் மட்டும் காட்டினேன். நாற்பத்தொன்பதின் பதில் ஆடியது. பெரியவன் மேல் காட்டினேன். அதே பதில் ஆடியது. அப்படியானால் இரண்டு பேரும் நாற்பத்தொன்பதில்தான் இருக்கிறார்கள். பெரியவனை அங்கே அனுப்பியது நான். சின்னவனை யார் அனுப்பினார்கள்?

லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு கார்டைத் திருப்பினேன். சின்னவனின் காலடியில், காலியாக இருக்க வேண்டிய இடத்தில், கடுகத்தனை ரெசிஸ்டர் ஒன்று அழகாக உட்கார்ந்திருந்தது.

வரைந்து முடித்ததை மறுபடி பிரித்து வைத்திருக்கிறார் மனுஷன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தோற்றதாக ஆகிவிடும் என்று அவரும் நினைத்திருப்பார். குறுகலான வாசலில் எதிரெதிரே வந்த இரண்டு பேர், வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொண்ட கதைதான் இது. எனக்குச் சிரிப்பு வந்தது, லென்ஸுக்குள் கண் கலங்கியது, சின்னவன் மங்கலாகத் தெரிந்தான்.

உடனே போன் செய்து சொல்லியிருக்கலாம். எடுத்த போனைக் கீழே வைத்தேன். சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். 'அவகிட்ட சொல்லாம ரெசிஸ்டர வெச்சது நான்தான்' என்று எப்போ சாரிடம் போய் நிற்பார். ஏற்கெனவே ஒரு போர்டு புகைந்த ஆள். அவரைக் கீழே அனுப்ப அந்த ஒரு வாக்கியம் போதும். நான் டிரைவர் தப்பு என்று ஒத்துக்கொண்டால், எனக்கு அது முதல் தப்பு. கீழே போனாலும் நான் தாங்குவேன், எனக்கு வாய் இருக்கிறது. என் வரிகளை டிரைவரிலிருந்து அழித்தேன். கார்டை ஓட்டிப் பார்த்தேன். பெரியவன் நாற்பத்தெட்டில், சின்னவன் நாற்பத்தொன்பதில், இரண்டும் சரியான சூடு. ஃபேன் தானாகச் சுற்றியது. நிம்மதியாகப் பூட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவரிடம் அப்படியொரு பிரியமாக இருந்தேன். விசித்திரம் என்னவென்றால் அவரும் அப்படியே இருந்தார். எனக்கு முன்னால் எழுந்து பாத்திரம் கழுவினார். நான் ஒரு தடவை இருமியதற்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். எனக்காவது காரணம் இருக்கிறது, இவருக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. மாமியார் என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "உண்மையச் சொல்லு, ரெண்டு பேரும் பிரியப்போறீங்களா?" என்றார்.

"ஐயையோ, ஏன் அத்தை?"

"பின்ன என்ன, திடீர்னு இப்படிக் குழையறீங்க? எனக்கு பயமா இருக்கு."

திங்கட்கிழமை காலையில் நான் கண் விழித்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். ஒரு நாளும் இல்லாத அதிசயம். நான் வேகவேகமாக நடந்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது, எப்போ சார் அறையில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேசை மேல் கம்ப்யூட்டர் திறந்திருந்தது, அதில் கார்டு செருகியிருந்தது.

"வாங்க" என்றார் எப்போ சார். "உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டார். தப்பு போர்டுல. சரியும் பண்ணிட்டாராம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்ல சார். தப்பு டிரைவர்ல. என்னோடது. நான் சனிக்கிழமையே சரி பண்ணிட்டேன்."

"இவ சும்மா சொல்றா சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் ஏன் சும்மா சொல்றேன்? நீங்கதான் சும்மா சொல்றீங்க."

எப்போ சார் கையை உயர்த்தினார். "யாரோ ஒருத்தர் சரி பண்ணியிருக்கீங்க. கார்டு எப்போ ஓடும்?"

"இப்பவே ஓடும்" என்றோம் இரண்டு பேரும்.

புது டிரைவரை எப்போ சார் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டினேன். படம் சுழன்றது. நாற்பத்தொன்பதில் யாரும் இல்லை. நாற்பத்தெட்டில் முப்பத்தாறு டிகிரி. ஃபேன் சுற்றாமல் உட்கார்ந்திருந்தது.

மறுபடி கூப்பிட்டேன், அதே பதில். சனிக்கிழமை ஓடியது. என் கண்ணால் பார்த்தேன். நாற்பத்தெட்டு காலியாக இருந்த காலம் போய் இப்போது நாற்பத்தொன்பது காலியாக இருக்கிறது. அவரைப் பார்த்தேன். அவரும் பேயறைந்தாற்போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணே?" என்றேன் மெதுவாக.

"ரெசிஸ்டர எடுத்துட்டேன். இன்னைக்குக் காலைல. சனிக்கிழமை நீ இங்க வந்தப்ப வீட்ல நீ எழுதின டிரைவரப் படிச்சேன். பெரியவன நாப்பத்தொம்பதுக்கு அனுப்பறது பாத்தேன். நீ எனக்காக எழுதியிருக்கே, நான் பாட்டுக்கு உன்னத் திட்டிட்டு இருக்கேன்னு..." அவர் நிறுத்தினார். "நீ என்ன பண்ணே?"

"அந்த வரியெல்லாம் அழிச்சுட்டேன். ரெண்டு பேரும் மறுபடி நாப்பத்தெட்டுலயே கெடக்கறாங்க."

எப்போ சார் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். முழுக் கதையையும் கேட்டார். நாங்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுச் சொன்னோம், அவருக்கு முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை காகிதத்தில் இரண்டு வீடு வரைந்து காட்டியபோது புரிந்தது. காகிதத்தைத் தள்ளி வைத்தார்.

"புருஷன் பொண்டாட்டிய ஒரே கார்டுல விட்டது என் புத்தி" என்றார். "ஒருத்தர் இந்தக் கார்டுல இருங்க. இன்னொருத்தர் கீழ போகணும். நான் சொன்னா சொன்னதுதான், மேல அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்கேன். ரெண்டு பேர்ல யாரு?"

அந்த மனுஷன் வாயிலிருந்து எப்போ என்பதைத் தவிர வேறு கேள்வி வந்து நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

"நான் போறேன்" என்றேன்.

"நான் போறேன்" என்றார் அவர். ஒரே நேரத்தில்.

"இல்ல சார், நான்."

"சார், அவ இருக்கட்டும், நான்."

எப்போ சார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இப்படியே சாயங்காலம் வரை ஓட்டலாம் என்று எனக்குத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் கொடியைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் கண்ணைப் பார்த்தேன். கீழே இருக்கிற அந்த ஜன்னலில்லாத இடம் அந்தக் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் 'நான் போறேன்' என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்துகொண்டிருந்தார். இவர் விடமாட்டார். நானும் விடாவிட்டால் இந்தக் கார்டு உருப்படாது, நாங்களும் உருப்பட மாட்டோம். யாராவது ஒருத்தர் இருந்த இடத்தில் நிற்க வேண்டும்.

"சரி. நான் இருக்கேன் சார்" என்றேன். "அவர் போகட்டும்."

அவருக்காகக் கீழே போவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் திறந்த வாயை மூடினார். ஒரு பெருமூச்சு வந்தது. நிம்மதியிலா, அடிபட்டதாலா என்று அந்த மூச்சை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போ சார் எழுதிக்கொண்டார்.

கீழே போவதற்கு முன்னால் அவர் தன் மேசையில் உட்கார்ந்து, எடுத்த ரெசிஸ்டரை மறுபடி வைத்து ஈயம் பற்றவைத்தார். கார்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"ரெசிஸ்டர் வெச்சிட்டேன். நீ அழிச்சது அழிச்சபடியே இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் மனசு கேக்காம எதையாவது மாத்திட மாட்டீங்களே?"

நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் பக்கத்தில் இல்லை. அப்படியென்றால் அந்த 'நீங்க' எதற்கு? அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. அது சிரிப்புதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"மாத்த மாட்டேன்" என்றேன்.

கார்டைச் செருகி ஓட்டினேன். பெரியவன் நாற்பத்தேழு டிகிரி. சின்னவன் ஐம்பத்திரண்டு டிகிரி. விரல் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான் இருக்கும். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் நின்று அதைப் பார்த்தோம். சண்டை போட்ட அந்த முதல் வாரமே இப்படி ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார், ஆனால் அவர் என்ன நினைப்பார் என்று நானாக முடிவு செய்து செய்துதான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம்.

"என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

அந்த 'இல்ல'வில் ஒருவர் மட்டும் பேசுகிற மாதிரி இல்லை. கோபமும் நிம்மதியும் ஒரே கம்பியில் சேர்ந்து பேசியிருந்தால் இப்படித்தான் கேட்டிருக்கும். இதைப் பிரித்துப் பார்க்க என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. அவர் தன் லென்ஸையும் டீ குடிக்கிற கோப்பையையும் எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார்.

"சாயங்காலம் கேட்ல நீ நிக்கறியா, நான் நிக்கட்டுமா?"

இதைக் கேட்காமலேயே நான் முன் கேட்டிலும் அவர் பின் கேட்டிலுமாகக் காத்து நின்று, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்த நாட்கள் நிறைய.

"முன் கேட்ல நான் நிக்கறேன்" என்றேன். "நீ மேல ஏறி வா."

சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.